காதோடு நின்ற தடுப்பூசி

ஒல்கெரியாய் கிராமம்,
கஜியாடோ,
செப்டம்பர் 14.

அன்பு மகள் சிலாந்தோய்க்கு அப்பா எழுதுவது,

இங்கே மாடுகள் நலம், ஆடுகள் நலம், உங்கம்மா நலம், நானும் நலம்தான், நம் வீட்டில் எப்போதும் இதுதான் வரிசை. மாடே இல்லாத ரோம் நகரத்து ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு உலகத்து மாடுகளுக்கெல்லாம் நோய் வராமல் காவல் காக்கும் நீயும் நலமாக இருக்க நம் கடவுள் என்காயை வேண்டுகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது, உங்கம்மா இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய் இத்தாலி இத்தாலி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினாள். கழுத்துக்குள்ளே சீனாவில் செய்தது என்று எழுதியிருப்பதை நான் சொல்லவில்லை, வீட்டில் அமைதி முக்கியம். மழை இன்னும் வரவில்லை. வானம் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம்.

போன மாதம் நீ போனில் அழைத்தபோது சாப்பிட்டீர்களா என்றுகூடக் கேட்கவில்லை, எடுத்த எடுப்பில் "எத்தனை மாடுப்பா?" என்று ஒரே கேள்வி. மாட்டையும் பிள்ளையையும் எண்ணக்கூடாது, எண்ணினால் குறையும் என்று சொல்லி வளர்த்த பெண் நீ. சின்ன வயதில் பட்டி வாசலில் நின்று விரல் விட்டு எண்ணியதற்காக உன் காதைத் திருகியிருக்கிறேன். படித்துப் பட்டம் வாங்கி இப்போது எண்ணுவதையே உத்தியோகமாக வைத்துக்கொண்டாய், திருகிய காது வீண் போயிற்று. நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ விடாமல் மறுபடி அழைத்து, "வாயால சொல்ல வேணாம்ப்பா, நடந்தத மொதல்லேர்ந்து எழுதி அனுப்புங்க" என்றாய், அதனால் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதை உன் ஆபீஸில் இன்னும் நாலு பேர் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

மாடுகளைக் கூட்டமாகக் கொல்லும் வெக்கை நோயைக் கண்ணால் பார்த்தவன் நான், உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும் என்று கேட்டுப் பார். நம் மாசாய் பேச்சில் ஒலோடுவா என்போமே, அதுதான். காலையில் பட்டி வாசலைத் திறந்தால் என் அப்பாவின் மாடுகள் வெளியே போய் முடிவதற்குள் ஒரு குடுக்கைப் பால் குடித்து வாயும் துடைத்துவிடலாம், அந்த நோய் வந்துபோன பிறகு ஒரு கொட்டாவி விடுவதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. கண்ணில் நீர் வழியும், வாய் புண்ணாகி நாறும், பின்னால் தண்ணீராகப் போகும், வாரம் தாண்டாது. வளர்ந்த பிறகு அரசாங்கத்து ஊசிக்காரர்களோடு சேர்ந்துகொண்டேன். குத்துவது டாக்டர், மாட்டைப் பிடிப்பதும் குத்திய மாட்டின் காதில் மூன்று இதழ்ப் பூ மாதிரி இடுக்கியால் துளை போடுவதும் நான். துளை இருந்தால் ஊசி போட்ட மாடு, இல்லாவிட்டால் போடாத மாடு, அவ்வளவுதான். நம் மாடுகளின் காதில் குலத்துக்கு ஒரு வெட்டு உண்டல்லவா, இந்தப் பூவை ஜனங்கள் அரசாங்கக் குலத்தின் வெட்டு என்று சொன்னார்கள். பிறகு நோய் ஒழிந்தது, ஊசியை நிறுத்தினார்கள், உலகத்திலேயே இனி இல்லை என்று மேளம் கொட்டினார்கள். எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு தொப்பியும் கொடுத்தார்கள். சான்றிதழைக் கறையான் தின்றது, தொப்பியை ஆடு தின்றது, யாரும் திருப்பிக் கேட்காததால் இடுக்கி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

ஊரிலேயே கடைசித் துளைக்காது மாடு நம் கிழட்டுக் காரிப்பசு. பத்து வருஷத்துக்கு முன்னால் அது செத்த அன்று அதன் பேத்திக் கன்றைப் பார்த்தேன், காது மொட்டையாக இருந்தது, மனசு கேட்கவில்லை. இடுக்கியை எடுத்து ஒரே அமுக்கு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, புத்தியும் இல்லை. அதை சிரொங்கா பார்த்துவிட்டான். நம் மேற்கு வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரனை உனக்கு மறந்திருக்காது, எதையும் ஊரில் முதல் ஆளாக வைத்திருக்க வேண்டும் அவனுக்கு, முதல் சூரிய விளக்கு, முதல் பொய்ப்பல். "சிலாந்தோய் அப்பா, பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போறோம், பரிசக் கிடேரிய மொட்டக் காதோட ஓட்டிட்டுப் போனா சம்பந்தி என்ன நெனப்பான், ஒரு பூ போட்டு வுடேன்" என்று ஒரு பொட்டலம் சர்க்கரையோடு வந்தான். போட்டுவிட்டேன். அந்தச் சம்பந்தி துளையைத் தடவிப் பார்த்து "கவர்மெண்டு மாடுல்ல!" என்று மெச்சிக்கொண்டாராம். அவ்வளவுதான், அதன்பிறகு பரிசமாகப் போகிற கிடேரியெல்லாம் முதலில் நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டுத்தான் பெண் வீட்டுக்குப் போனது. இளவட்டங்களுக்குத் துளை எதற்கென்றே தெரியாது, ஒருவன் நல்ல சாதி மாட்டுக்கு அது பிறக்கும்போதே இருக்கும் என்று அடித்துச் சொன்னான், நான் மறுக்கவில்லை. நம் வீட்டில் தேநீர் இனித்தது, உங்கம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.

இந்த ஜூலையில் மாடு குளிப்பாட்டும் தொட்டிக்குப் புது கால்நடை டாக்டர் வந்தாள். முத்தேயு என்று பெயர், கம்பா இனத்துப் பெண், உன்னைவிட இளையவள், காலில் போட்டிருந்த பூட்ஸ் மட்டும் அவளைவிடப் பெரியது. உண்ணி பார்க்க வந்தவள் சிரொங்காவின் செவலைக் கிடேரியின் காதைப் பிடித்தாள், பிடித்த காதை விடவில்லை, வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள். "இதுக்கு மூணு வயசு. அந்த ஊசிய நிறுத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. இதுக்கு யாரு போட்டது?" என்று கேட்டாள். பெரிய மனிதர்கள் நாங்கள் பத்துப் பேர் தடியை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தோம். அவள்தான் விளக்கினாள், அந்த மருந்துக்குள் இருப்பதே வலுக்குறைத்த கிருமிதானாம், உயிரோடு இருப்பதாம், உலகம் முழுக்கத் தேடிப் பொறுக்கி எரித்துவிட்டு மிச்சத்தைச் சில கட்டடங்களில் பூட்டி வைத்திருக்கிறார்களாம், பூட்டுக்கு வெளியே யாரோ ஒருவன் புட்டியும் கையுமாக அலைகிறான் என்றால் அவனிடம் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்று உலகமே பதற வேண்டுமாம். அந்த வாரமே சந்தையை மூடினார்கள். இந்த வறட்சியில், விற்றால் மனிதன் தின்பான் விற்காவிட்டால் கழுகு தின்னும் என்ற நிலைமையில், சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு மாடு வெளியே போகக்கூடாது, உள்ளே வரக்கூடாது.

அடுத்து ஊர் செய்த காரியத்தைக் கேள். யாரோ ஒருவன் புட்டி வைத்திருக்கிறான் என்றதும் எல்லா விரலும் ஒரே பக்கம் நீண்டது. சந்தையில் மாட்டு மருந்து விற்கிறானே ஒரு சோமாலிக்காரன், அதான் என்று பெயர், "அவன் வெளியூர்க்காரன், பொட்டி நெறைய புட்டி வச்சிருக்கான், வேற யாரு?" என்று சிரொங்காதான் ஆரம்பித்தான். போலீஸ் வந்து பெட்டியைக் கவிழ்த்துப் புட்டிகளை அள்ளிக்கொண்டு அவனையும் ஏற்றிக்கொண்டு போனது. பதினாறு வருஷம் நம் ஆடுகளுக்குக் குடல்புழு மருந்து கொடுத்தவன், ஏறும்போது எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே ஏறினான். நான் முன்வரிசையில்தான் நின்றேன். இருபது வயதில் சிங்கத்துக்கு முன்னால் ஈட்டியோடு நின்றவன் என்று இன்றுவரை பீற்றிக்கொள்கிறானே உன் அப்பா, அவனுக்கு அன்றைக்கு வாய் ஒட்டிக்கொண்டது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதச் சொன்னது நீதான்.

மூன்று நாள் அப்படியே இருந்தேன். நாலாம் நாள் காலையில் உங்கம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள், பக்கத்தில் இடுக்கியையும் வைத்தாள், தேநீரில் சர்க்கரை இல்லை. நான் குடிக்காமல் எழுந்து கஜியாடோவுக்குப் பஸ் ஏறினேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னால் அவள் நம்பவில்லை! "ஊரக் காப்பாத்தணும்னு பழிய நீங்க ஏத்துக்கறீங்களா பெரியவரே?" என்றாள். பார்த்தாயா, வாழ்நாளில் ஒருமுறை உண்மையைப் பேசினால் தியாகி என்கிறார்கள். அப்புறம் அவளும் கேட்டாள், எத்தனை என்று, உங்கள் படிப்பில் வேறு கேள்வியே கிடையாதா? நான் எண்ணிச் சொல்ல மாட்டேன், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள் என்றேன். காரியின் பேத்தி, சிரொங்காவின் செவலை, நெற்றிச்சுட்டி, கருமறை, ஒற்றைக்கொம்பு மயிலை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன், அவள் கோடு போட்டுக்கொண்டே வந்து நாற்பத்தொன்று என்றாள். இவ்வளவு என்று எனக்கே தெரியாது. மருந்துக்காரன் அதானை அன்று சாயங்காலமே விட்டார்கள், புட்டிகள் மட்டும் திரும்பி வரவில்லை.

ஆனால் என் வாய்ச்சொல் போதாதாம், ரத்தம்தான் சாட்சி சொல்ல வேண்டுமாம். ஊசி ஏறிய மாடென்றால் ரத்தத்தில் அதன் அடையாளம் இருக்குமாம். பரிசமாகப் போன கிடேரிகளையெல்லாம் தேட வேண்டுமே, டாக்டர் ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு சம்பந்தி வீடு சம்பந்தி வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நான் இறங்கி, இந்தக் காதில் இருப்பது என் கைவேலை, உள்ளே சரக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டும். சிரொங்காவின் சம்பந்தி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்போ எங்களுக்குக் கிடேரி குடுத்தானா, கித்தாப்பு குடுத்தானா?" என்று கேட்டார். ரத்தம் எடுக்கவும் லேசில் விடவில்லை. கழுத்து நரம்பில் அம்பு விட்டுக் குடுக்கையில் பிடித்துப் பாலில் கலந்து குடிக்கிற ஜாதி நாம், அதையே ஒருத்தி கண்ணாடிக் குழாயில் பிடித்து நைரோபிக்கு எடுத்துப் போகிறேன் என்றதும் மாடு செத்துவிடும் என்று ஒப்பாரி. என் பட்டியிலிருந்தே முதலில் எடுக்கச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கயிற்றை விட்டார்கள். எல்லாம் முடிந்து அவள் கோடுகளைக் கூட்டினாள், நாற்பத்துமூன்று வந்தது. நான் சொன்னதைவிட இரண்டு காது கூடுதல்.

அவள் கோடுகளை மறுபடி கூட்டினாள், அதே நாற்பத்துமூன்று. நான் போடாத துளை என்றால் நிஜமாகவே எவனோ ஒருவன் ஊசியோடு அலைகிறானா? அந்த இரண்டு மாடும் சிரொங்காவின் பட்டியில் இருந்தன. குனிந்து காதைப் பார்த்தேன், பூவா அது, மாடு மிதித்த தக்காளி! சிரொங்கா பொய்ப்பல்லுக்குப் பின்னால் நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றான். கேட்டால், சோடா மூடியைக் கல்லில் தீட்டி அவனே அடித்தானாம். "பின்ன என்ன, ஒவ்வொரு காதுக்கும் உனக்கு ஒரு பொட்டலம் சர்க்கரை தரணுமா? நீ போட்டதும் ஓட்டை, நான் போட்டதும் ஓட்டைதானே!" என்று என்னிடமே பாய்ந்தான். சொன்னதில் தப்பில்லை. மோசடிக்குள்ளேயே போலி வந்துவிட்டது என்று டாக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தத்தின் பதில் வரப் பத்தொன்பது நாள் ஆயிற்று. அந்தப் பத்தொன்பது நாளில் சிரொங்காவின் இரண்டு எருதுகள் தீனியில்லாமல் படுத்த இடத்தில் செத்தன, விற்கத் தயாராக நின்ற எருதுகள். ஊருக்கு வடக்கே இருப்பவர்கள் எழ முடியாத மாட்டின் இடுப்பில் துணியைக் கட்டி நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். என்னைப் பார்த்தால் யாரும் திட்டவில்லை, மரியாதைக்காரர்கள், எச்சிலைத் துப்பிவிட்டு நலமா என்று கேட்டார்கள். நான் தினமும் விடியலில் பாலைத் தெளித்து, என்காயே, நான் பொய்யன் என்று எப்படியாவது நிரூபித்துக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். தன்னை மோசடிக்காரனாக்கு என்று ஆண்டவனிடம் பிரார்த்தித்த முதல் மாசாய் நானாகத்தான் இருக்க வேண்டும். கேட்டது கிடைத்தது. மூடிய சந்தைத் திடலில் ஊரைக் கூட்டி வைத்து டாக்டர் முத்திரை குத்திய தாளை வாசித்தாள், ஒரு மாட்டின் ரத்தத்திலும் ஒன்றும் இல்லை, ஊசியும் இல்லை நோயும் இல்லை, துளை வெறும் துளை. சனம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். உங்கம்மா மட்டும் சிரிக்காமல், "உள்ள ஒண்ணுமில்லன்னு நான் முப்பது வருஷமா சொல்றேன், இவங்களுக்கு நைரோபி வரைக்கும் போக வேண்டியிருக்கு" என்றாள். சந்தை திறந்தது.

மறுநாள் அதானிடம் போனேன். கையில் புல் பிடித்துக்கொண்டு போனால்தானே சமாதானம் கேட்பதாக அர்த்தம், இந்த வறட்சியில் புல்லுக்கு எங்கே போவது, ஆற்றோரம் வரை நடந்து நாலு தாள் பிடுங்கினேன், அதுவும் பாதி மஞ்சள். ஒரு கிடேரியையும் ஓட்டிக்கொண்டு போனேன், காது மொட்டையான கிடேரி. அவன் காலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். புல்லைப் பார்த்துவிட்டு, "இத ஆட்டுக்குப் போடுங்க பெரியவரே, எனக்கெதுக்கு?" என்றான். பிறகு சிரிக்காமல், "ஏத்திட்டுப் போனப்ப நீங்க எதிர்ல நின்னீங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு உங்களத்தான் பாத்தேன்" என்றான். கிடேரியை வாங்கிக்கொண்டான். புல்லை வாங்கவில்லை. நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், அந்தத் தாளை வாசித்த அன்று சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு சிரொங்கா ஒரு கேள்வி கேட்டான், அதற்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. "அப்போ அந்த நோய் இன்னிக்கு வந்தா, எங்க மாட்டு ஒடம்புல தடுக்க ஒண்ணுமே கெடையாதா?" என்றான். டாக்டர், "கெடையாது. உங்க மாட்டுல மட்டுமில்ல, உலகத்துல எந்த மாட்டுலயும் கெடையாது. நோய் ஒழிஞ்சதுக்கு அதுதான் அர்த்தம். இனிமே காவல் உங்க கண்ணும் வாயும்தான், சந்தேகப்பட்டா உடனே சொல்லணும்" என்றாள். இதை நீ எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய், நான் கேட்டதில்லை, மகள் சொன்னால் கேட்கிற வழக்கம் நமக்கில்லை. அன்றைக்குத்தான் உறைத்தது. இதுவரை நான் போட்ட ஒவ்வொரு துளையும், இந்த மாட்டைக் கவனிக்க வேண்டாம், இதற்கு ஆபத்தில்லை என்று ஊருக்குச் சொல்லி வந்திருக்கிறது. நோயைப் பார்த்தவன் நான், பார்க்காதவர்களின் கண்ணை மூடிவிட்டவனும் நானே. சிங்கம் வந்தால் குரைக்காதே என்று நாய்க்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி.

இனி நடந்ததைக் கவனமாகப் படி. சந்தை திறந்து ஒன்பதாம் நாள் காலையில் நம் நெற்றிச்சுட்டிக் கன்று பால் குடிக்க மறுத்தது. கிட்டே போனால் எச்சில் கயிறாக ஒழுகுகிறது, வாயைத் திறந்தால் புண், கண்ணிலும் நீர். அறுபது வருஷத்துக்கு முன்னால் பார்த்த வாய் அது. வெளியே சொன்னால் சந்தை மறுபடி மூடும், இப்போதுதான் ஜனங்கள் எலும்பும் தோலுமாக நாலைந்து மாட்டை விற்று மூச்சு விடுகிறார்கள், அதுவும் யார் சொல்லி? முத்திரையோடு பொய்யன் என்று பட்டம் வாங்கியவன் சொல்லி. சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை, கன்று செத்தால் புதைத்துவிடலாம், நம்மில் எத்தனை பேர் அதைத்தானே செய்கிறோம். உங்கம்மாவைப் பார்த்தேன். அவள் கன்றைப் பார்த்தாள், மேற்கு வேலியைப் பார்த்தாள், "அவங்க பேசாட்டிப் போறாங்க, நமக்குப் பேச நேரமும் இல்ல" என்று போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். டாக்டரை நானே அழைத்தேன். அவள் வரும்வரை கன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உன்னை அழைக்கப் போனை எடுத்தேன், எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

முத்தேயு வந்தாள், வாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து கன்றின் முன்னங்காலைத் தூக்கினாள், குளம்பு இடுக்கில் கொப்புளம். "பெரியவரே, வாயப் பாத்தீங்க, கண்ணப் பாத்தீங்க, காலப் பாத்தீங்களா? இது கோமாரி" என்றாள். உலகத்திலேயே வெக்கையை நேரில் பார்த்த மகா அனுபவசாலி, காலைத் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை! எதற்கும் இருக்கட்டும் என்று புண்ணிலிருந்து சுரண்டி நைரோபிக்கும் அனுப்பினாள், அங்கிருந்தும் கோமாரிதான் என்று பதில் வந்துவிட்டது, நீ பதற வேண்டாம். ஆனால் கோமாரிக்கும் சந்தையை மூடத்தான் வேண்டுமாம், மூன்று வாரம். வருஷா வருஷம் வந்து தானே போகிற சீக்கு, எவனும் இதைப் போய்ச் சொன்னதில்லை, நான் சொன்னேன். அன்றுமுதல் குழாயடியில் உங்கம்மாவுக்கு யாரும் இடம் விடுவதில்லை, இத்தாலிச் சட்டை போட்டுக்கொண்டு போய்க் கடைசி ஆளாக நிற்கிறாள். சிரொங்கா ஊர் நடுவில் நின்று, "காதுல ஓட்ட போட்டது பத்தாதுன்னு இவன் வாயையும் ஓட்டையாக்கிக்கிட்டான்" என்று முழங்கினான். செத்த அவனுடைய இரண்டு எருதுகள் என் கணக்கில்தான் நிற்கின்றன.

முந்தாநாள் அவனே வேலியோரம் வந்து நின்றான். நலம் விசாரிக்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, வேலி முள்ளைப் பார்த்துக்கொண்டு, "என் மயிலப் பசு நேத்துலேர்ந்து அசபோடல, மூக்கு ஒழுகுது. கால்ல ஒண்ணும் இல்ல, தூக்கிப் பாத்துட்டேன். அந்த டாக்டரம்மா நம்பரச் சொல்லு" என்றான். சொன்னேன். இரண்டு தரம் சொல்லச் சொல்லிப் போனில் குத்திக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். டாக்டர் நேற்று வந்து பார்த்தாள், வெறும் சளிக் காய்ச்சல், ஒரு ஊசியோடு போயிற்று. அவள் சிரொங்கா பட்டியிலிருந்து நேரே நம் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தாள், சர்க்கரை கடையில் வாங்கியது.

அப்போதுதான் உங்கள் ஆபீஸ் அறிக்கையைப் போனில் காட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது, நாற்பத்துமூன்று காது, சோடா மூடிகூட இருந்தது. என்னைப் பற்றிய இடத்தில் மட்டும், துளைகளை இட்டவர் உள்ளூர்வாசி ஒருவர் என்று இருந்தது. "முதல்ல உங்க பேரு இருந்துச்சு, உங்க பொண்ணுதான் எடுக்கச் சொன்னாங்களாம், பாசம்" என்றாள். மகளே, உன் பாசம் எனக்குப் புரிகிறது, படிக்கும்போது கண்ணும் கலங்கியது. ஆனால் நீ செய்தது தப்பு. ஒருவர் என்றால் யார்? இந்த ஊரில் யாரோ ஒருவன் என்று சொன்ன அன்றைக்கு அந்தக் காலி இடத்தில் போய் விழுந்தது மருந்துக்காரன் அதானின் பெயர். அறிக்கையை நாளைக்கு வேறு ஊரில் வேறு யாராவது எடுத்துப் படித்தால் அங்கேயும் பெட்டி வைத்திருக்கிற ஒரு வெளியூர்க்காரனைத்தான் முதலில் தேடுவார்கள், அப்பாமார்களை யாரும் தேட மாட்டார்கள். அந்த அறிக்கை ஆயிரம் வருஷம் அலமாரியில் இருக்கும் என்கிறாய், இருக்கட்டும், என் பெயரோடு இருக்கட்டும். வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் உனக்கும், பழகிக்கொள்வோம்.

உன் பாதை எங்கும் பசும்புல் முளைக்கட்டும், உன் நாக்கில் பால் ஊறட்டும், உனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளும் மாடுகளும் நீயே எண்ண முடியாதபடி பெருகட்டும் என்று நானும் உங்கம்மாவும் நம் வழக்கப்படி எச்சில் தெளித்து வாழ்த்துகிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொள். அறிக்கையை நாளைக்கே திருத்து, எழுத்துப் பிழை வரக்கூடாது என்பதற்காகக் கீழே தெளிவாக எழுதியிருக்கிறேன், பார்த்து அப்படியே எழுது.

இப்படிக்கு, துளைகளை இட்டவர்,
கொய்னெட் ஒலே தும்பேஸ்,
இல்மொலேலியான் குலம், ஒல்கெரியாய் கிராமம்,
சிலாந்தோயின் அப்பா.